தகரக் கூரைக்குக் கீழ் ஒரு காட்டுப் பறவை

ஆண்டுதோறும் ஏப்ரல் மாதத்தின் முதல் வாரத்தில் நமது வானொலிச் செய்திகளில் ஓர் அறிவித்தல் தவறாது இடம்பெறும். சூரியன் இலங்கையின் அகலாங்குகளுக்கு நேராக உச்சம் கொடுக்கத் தொடங்குகிறது என்று வளிமண்டலவியல் திணைக்களம் அறிவிக்கும். தெற்கே தொடங்கும் அந்த உச்சம் நாளுக்கு நாள் வடக்கு நோக்கி நகர்ந்து, சித்திரைப் புத்தாண்டு அளவில் யாழ்ப்பாணத்தை அடையும். அதன்பின் மூன்று வாரங்கள் செல்லப் பஞ்சாங்கத்தில் அக்கினி நட்சத்திரம் தொடங்கும். எங்கள் ஊரில் அக்காலத்தைக் காண்டாவனம் என்பார்கள். அருச்சுனன் துணைநிற்க அக்கினி காண்டவ வனத்தை எரித்த பாரதக் கதையிலிருந்து வந்த பெயர் அது.

பத்திரிகை அலுவலகத்தில் இருந்த காலத்தில் அந்த உச்சச் செய்தியை நான் எத்தனை முறை எழுதியிருப்பேன் என்பதற்குக் கணக்கில்லை. நூறு சொற்களுக்குள் அடங்கும் செய்தி. பக்கத்தின் அடியில் எங்காவது இடம் வெறுமையாக இருந்தால் அதை நிரப்ப உதவும். அந்த வெயில் ஒரு வீட்டின் வருமானத்தை ஒரு பிற்பகலில் அழித்துவிடக்கூடும் என்று நான் எண்ணியதில்லை. அதனை 2012 ஏப்ரலில், கிளிநொச்சி மாவட்டத்தின் ஒரு கிராமத்தில் நேரில் கண்டேன்.

அதற்கு முந்திய ஆண்டு, மீளக்குடியமர்ந்த குடும்பங்களுக்கு வாழ்வாதார உதவி வழங்கிய நிகழ்வொன்று குறித்து எழுதுவதற்காக அங்கே சென்றிருந்தேன். ஒரு தொண்டு நிறுவனம் குடும்பத்துக்குப் பன்னிரண்டு கோழிக்குஞ்சுகளும், கூடு அமைப்பதற்குக் கம்பிவலையும் தகரமும் கொடுத்தது. கணவரை இழந்த ஒரு தாய் இரு கைகளிலும் குஞ்சுகளை ஏந்தி நின்ற படத்துடன் செய்தி வெளிவந்தது. நம்பிக்கையூட்டும் தலைப்பொன்றை நானே இட்டேன். மறு ஆண்டு அதே வழியாகப் பயணம் செய்தபோது, அந்த வீட்டுப் படலையில் வாகனத்தை நிறுத்தச் சொன்னேன். குஞ்சுகள் வளர்ந்து முட்டையிடத் தொடங்கியிருக்கும், இன்னொரு செய்தி கிடைக்கும் என்பதே எனது எண்ணம்.

பன்னிரண்டில் ஒன்பது வளர்ந்திருந்தன, முட்டையும் இட்டிருந்தன. ஆனால் நான் சென்ற நாளுக்கு நான்கு நாட்களுக்கு முன்னர் அந்த ஒன்பதில் ஆறு இறந்துவிட்டன. நாய்க்கும் கீரிக்கும் பயந்து கோழிகளைக் கூட்டில் அடைத்துவிட்டு அந்தத் தாய் கூலி வேலைக்குச் சென்றிருக்கிறார்.

"மத்தியானம் வந்து பாக்கேக்கை வாயைத் திறந்தபடி கிடந்துதுகள் ஐயா. நான் நோயெண்டுதான் நினைச்சன். பக்கத்து வீட்டு அப்புதான் சொன்னவர், நோயில்லைப் பிள்ளை, வெக்கை எண்டு. உந்தத் தகரத்துக்குக் கீழை மனிசரே இருக்கேலாது. கோழி எப்பிடி இருக்கும்?"

அவர் யாரையும் குறை சொல்லவில்லை. ஆனால் அந்தத் தகரத்தை நான் புகழ்ந்து எழுதியிருந்தேன். சுற்றிலும் நூறு யார் தூரத்துக்கு ஒரு மரம் இல்லை என்பதை அன்று நான் கவனிக்கவில்லை. படத்திலும் அது தெரிந்தது, யாரும் பார்க்கவில்லை. அந்தக் கேள்விக்குப் பதில் தேடி நான் வாசித்தவற்றையும், மறந்திருந்து பின்னர் நினைவுக்கு வந்தவற்றையும் இங்கே எழுதுகிறேன்.

காட்டிலிருந்து முற்றத்துக்கு

கோழி வெப்பநாட்டுப் பறவை, ஆகவே வெயிலைத் தாங்கும் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். முதற் பாதி சரி. இரண்டாவது பாதி பிழை.

வீட்டுக்கோழியின் மூதாதை செங்காட்டுக்கோழி என்பதை டார்வின் 1868 இல் வெளியிட்ட நூலிலேயே எடுத்துரைத்தார். 2020 இல் வெளியான, எண்ணூறுக்கும் மேற்பட்ட கோழிகளின் மரபணுத் தொகுதிகளை ஒப்பிட்ட ஆய்வு, தென்மேற்குச் சீனா, வட தாய்லாந்து, மியன்மார் ஆகிய பகுதிகளில் வாழும் ஒரு துணையினத்தை நேரடி மூதாதையாக அடையாளம் கண்டது. 2022 இல் வெளியான தொல்லியல் ஆய்வு, ஐயத்துக்கு இடமில்லாத மிகப் பழைய வீட்டுக்கோழி எலும்புகள் மத்திய தாய்லாந்தின் பான் நொன் வாட் என்னும் இடத்தில் கிடைத்தவை என்றும், அவை கி.மு. 1650 முதல் 1250 வரையான காலத்தவை என்றும் கூறியது. நெல்லும் தினையும் பயிரிடப்பட்ட இடங்களுக்கு, சிந்திய தானியத்தைத் தேடிக் காட்டுக்கோழிகள் வந்தன. வந்தவை மனிதரோடு தங்கின என்பது அந்த ஆய்வாளர்களின் கருத்து.

இங்கே நாம் நினைவிற்கொள்ள வேண்டியது, அப்பறவை காட்டின் ஓரத்திலிருந்து வந்தது என்பதாகும். இலங்கைக்கே உரிய, நமது தேசியப் பறவையாகிய காட்டுக்கோழி வேறோர் இனம். வீட்டுக்கோழியின் நேரடி மூதாதை அதுவன்று. ஆயினும் வாழும் முறை ஒன்றுதான். வில்பத்துவிலோ யாலவிலோ அதைக் காண விரும்புவோர் அதிகாலையில் அல்லது மாலையில் செல்லவேண்டும். வெயில் ஏறியதும் அது புதருக்குள் மறைந்துவிடும். வெப்பநாட்டின் நிழலில் வாழும் பறவை அது. அதன் வெயிலில் வாழ்வதன்று.

தமிழர் வாழ்விலும் கோழி நெடுங்காலமாக முற்றத்துப் பறவையே. முருகனின் கொடியில் சேவல் இடம்பெற்றதை எல்லோரும் அறிவர். பட்டினப்பாலையில் வரும் காட்சி அதைவிட வீட்டோடு நெருங்கியது. காவிரிப்பூம்பட்டினத்து வீட்டு முற்றத்தில் உலரவைத்த தானியத்தைக் கொத்த வந்த கோழியை விரட்ட, பெண்கள் தமது காதிலிருந்த கனத்த குழையைக் கழற்றி எறிகிறார்கள். நகரின் செல்வச் செழிப்புக்குச் சான்றாக இக்காட்சியை ஆசிரியர்கள் விளக்குவார்கள். வெயிலில் தானியம் உலரும் முற்றமும், கோழி ஒதுங்கும் நிழலும் அடுத்தடுத்து அமைந்திருந்த மனையின் சித்திரமாகவும் அதை நான் இப்போது பார்க்கிறேன்.

வெக்கையில் நடப்பது என்ன?

கோழிக்கு வியர்வைச் சுரப்பிகள் இல்லை. அதன் உடல் வெப்பநிலை இயல்பாகவே 41 முதல் 42 பாகை செல்சியஸ் வரை இருக்கும். நமக்கு உயிராபத்தான காய்ச்சல் அதற்குச் சாதாரண நிலை. அதற்கு மேல் சில பாகை ஏறினால் உயிர் தங்காது. அதாவது, தாங்கும் எல்லைக்கு மிக அருகிலேயே அது எப்போதும் வாழ்கிறது.

வெப்பத்தை வெளியேற்ற அதற்குச் சில வழிகளே உள்ளன. கொண்டைக்கும் தாடைக்கும் இரத்தத்தை அதிகமாக அனுப்பி அங்கிருந்து வெப்பத்தை இழக்கிறது. சிறகுகளை உடலிலிருந்து அகற்றிப் பிடிக்கிறது. மண்ணைக் கிளறிக் குளிர்ந்த புழுதியில் வயிற்றைப் பதித்துக் கிடக்கிறது. இவை போதாதபோது வாயைத் திறந்து இளைக்கிறது. மூச்சுப் பாதையிலிருந்து நீர் ஆவியாகும்போது உடல் குளிர்கிறது. காற்றில் ஈரப்பதன் மிகுந்திருந்தால் ஆவியாதல் குறையும். மழைக்கு முந்திய புழுக்கத்தில் கோழிகள் அதிகம் துன்புறுவது இதனாலேயே.

இளைப்பதற்கும் ஒரு விலை உண்டு. வேகமாக மூச்சுவிடும்போது இரத்தத்திலுள்ள காபனீரொட்சைட்டு அளவுக்கு மீறி வெளியேறுகிறது. முட்டையோடு கல்சியம் காபனேற்றால் ஆனது. அதற்குத் தேவையான காபனேற்று குறைவதால் கோடைக்கால முட்டையின் ஓடு மெலிகிறது. தீனும் குறைவாகவே உட்கொள்ளப்படுகிறது. ஓடு மெலிந்த முட்டைகள் தொடர்ந்து கிடைத்தால், வெக்கை வீட்டுக்குள் வந்துவிட்டது என்று கொள்ளவேண்டும்.

அந்தத் தகரக் கூடு வெளியிலிருந்த வெயிலைவிடக் கொடியது. உச்சி வெயிலில் காய்ந்த தகரம் கீழ்நோக்கியும் வெப்பத்தைக் கதிர்க்கும். கூடு தாழ்வானது, சூடேறிய காற்று மேலே வெளியேற இடைவெளி இல்லை. ஒன்பது கோழிகளின் உடற்சூடும் அதற்குள்ளேயே இருந்தது. ஓடி ஒதுங்க வேண்டிய நேரத்தில் கதவு பூட்டியிருந்தது.

குளிர்நாட்டுக் கூடு

அடைத்து வைத்துக் கோழி வளர்க்கும் முறை பெரும்பாலும் குளிர்நாடுகளில் வளர்ந்தது. முதலாம் நூற்றாண்டின் உரோம எழுத்தாளர் கொலுமெல்லா, கோழிக்கூடு குளிர்காலச் சூரியன் உதிக்கும் திசையைப் பார்த்து அமையவேண்டும் என்று வேளாண்மை நூலில் எழுதினார். அவரது கவலை குளிர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆசியாவின் பெரிய கோழியினங்கள் இங்கிலாந்துக்கும் அமெரிக்காவுக்கும் சென்றபோது, அங்கே கோழி வளர்ப்பில் ஒரு பித்தே பிறந்தது. 1849 இல் பொஸ்டன் நகரில் பெரும் கோழிக் கண்காட்சி நடைபெற்றது. இத்தாலியத் துறைமுகமொன்றின் பெயரைக் கொண்ட லெக்கோண் கோழி முட்டைக்காக அமெரிக்காவில் மேம்படுத்தப்பட்டது. றோட் ஐலண்ட் றெட் அங்கேயே உருவானது.

கோழி முற்றாக வீட்டுக்குள் புகுந்தது இருபதாம் நூற்றாண்டில்தான். வெயில் படாமல் வளர்ந்த குஞ்சுகளுக்குக் கால் வளையும். விற்றமின் டி கண்டறியப்பட்டு அது தீனில் சேர்க்கப்பட்ட பின்னர் அந்தத் தடை நீங்கியது. 1923 இல் டெலவெயர் மாநிலத்தைச் சேர்ந்த சிசிலி ஸ்ரீல் என்ற பெண்மணி ஐம்பது குஞ்சுகளுக்குச் சொல்லியனுப்ப, தவறுதலாக ஐந்நூறு வந்து சேர்ந்தன. அவற்றை இறைச்சிக்காக வளர்த்து அவர் விற்றதிலிருந்து அமெரிக்க இறைச்சிக்கோழித் தொழிலின் வரலாறு எழுதப்படுகிறது.

பின்னர் வந்த மாற்றத்தைக் கனடிய ஆய்வொன்று எண்களில் காட்டியது. 1957 ஆம் ஆண்டு இறைச்சிக்கோழி 56 நாட்களில் 905 கிராம் எடையை எட்டியது. அதே தீனை உண்ட 2005 ஆம் ஆண்டு இனம் அதே நாட்களில் 4,202 கிராமை எட்டியது. விரைவாக வளரும் உடல் மிகுந்த வெப்பத்தையும் உண்டாக்குகிறது. இத்தகைய கோழியைக் காக்க மின்விசிறியும் ஈரத்திரையும் கொண்ட மூடிய மனைகள் வேண்டும். பெரும் பண்ணைகளுக்கு அது இயலும். மின்சாரம் இல்லாத ஒரு கொட்டிலுக்கு அந்த முறையின் பாதியை மட்டும் கொடுப்பது, அதாவது அடைப்பை மட்டும் கொடுத்துக் குளிர்ச்சியைக் கொடுக்காமல் விடுவது, உதவியாகாது.

நம் ஊர்க்கோழி அளவில் சிறியது, முட்டையும் குறைவு. ஆனால் அது வெப்பத்துக்குப் பழகியது. கழுத்தில் இறகில்லாத கோழிகளைச் சிலர் அழகற்றவை என்று ஒதுக்குவார்கள். அந்தத் தன்மைக்கு ஒரு மரபணு காரணம். உடலின் இறகைக் கணிசமாகக் குறைப்பதன்மூலம் அது வெக்கையைத் தாங்க உதவுகிறது. வெப்பநாடுகளுக்கு ஏற்ற கோழிகளை உருவாக்குவோர் இன்று அந்த மரபணுவை விரும்பித் தேடுகிறார்கள்.

ஆச்சியின் வளவு

எனது ஆச்சிக்கு இவை எதுவும் தெரியாது. ஆனால் அவருடைய கோழிகளில் ஒன்றுகூட வெக்கையில் இறந்ததாக எனக்கு நினைவில்லை.

வளவைச் சுற்றிக் கிளுவையும் பூவரசும் நட்ட வேலி. கோடிப்புறத்தில் மாமரம், அதற்கப்பால் பனைகள். கிணற்றடியில் வாழை, குளிக்கும் நீர் வாழைக்குப் பாயும். பகல் பத்து மணிக்குப் பின் கோழிகளைத் தேடவேண்டுமானால் வாழையடிக்குத்தான் செல்லவேண்டும். ஈர மண்ணைக் கிளறி, அதில் புதைந்து கிடக்கும். மாலையில் சில பூவரசில் ஏறி அடையும். குஞ்சும் தாயும் மட்டும் குடாப்பில் மூடப்படும். ஈர்க்கில் இடுக்குகளுக்கூடாக நாற்புறமும் காற்றுப் புகும். பகலில் பருந்துக்குப் பயந்து மூட நேர்ந்தாலும், வெயில் நகர நகர ஆச்சி குடாப்பை நிழலோடு நகர்த்துவார். பள்ளி விடுமுறையில் அந்த வேலை எனக்குரியது.

"மோனை, வெயில் திரும்பீட்டுது, போய்க் குடாப்பைத் தள்ளி வை" என்று அவர் குசினியிலிருந்தே சொல்வார். சுவரில் விழும் வெளிச்சமே அவருக்கு மணிக்கூடு.

தவிடும் குறுணலும் விடிந்ததும் ஒருமுறை, பொழுது சாயும்போது ஒருமுறை. நடுப்பகலில் தீன் கிடையாது. கேட்டால், "வெயிலுக்கை தின்னக் குடுத்தால் கோழிக்கு வயிறு எரியும்" என்பார். அறிவியலும் ஏறக்குறைய அதையே சொல்கிறது. உண்ட தீன் செமிக்கும்போது உடலில் வெப்பம் பிறக்கிறது. காலையில் உண்டது சில மணி நேரத்தில் உச்ச வெப்பத்தைத் தருவதால், வெயில் கொளுத்தும் நேரத்தில் இரைப்பை வெறுமையாக இருப்பது நல்லது.

நீர் மட்சட்டியில் இருக்கும். சட்டியை மரத்தடி மண்ணில் பாதி புதைத்து வைப்பார். புதைத்தால் கோழி தட்டி ஊற்றாது, நீரும் சூடேறாது. சூடேறிய நீரைக் கோழி விரும்பிக் குடிப்பதில்லை. சாதாரண நாளில் உண்ணும் தீனைப்போல் எடையில் இருமடங்கு நீரைக் குடிக்கும் கோழிக்கு, கடும் வெக்கையில் அதனிலும் பன்மடங்கு தேவைப்படும்.

அந்த வளவுகளுக்கு என்ன நேர்ந்தது என்பதை நான் சொல்லத் தேவையில்லை. 1995 ஒக்டோபர் 30 ஆம் திகதி இரவு வலிகாமம் இடம்பெயர்ந்தபோது, எனது தாயார் கடைசியாகச் செய்தது குடாப்பைத் திறந்து விட்டதுதான். திரும்பி வந்தபோது கோழிகள் இல்லை, மாமரமும் இல்லை. போர்க்காலத்தில் பதுங்குகுழிகளுக்கும் காவலரண்களுக்கும் ஆயிரக்கணக்கான பனைகள் தறிக்கப்பட்டன. வன்னியில் எறிகணைகளும் தீயும் மரங்களை அழித்தன. அமைதி திரும்பியபின் வேலிகளின் இடத்தை மதில்கள் பிடித்தன. மதில் காற்றையும் மறித்தது. ஓலையின் இடத்தைத் தகரம் பிடித்தது. போரின் இழப்புகளை எண்ணியபோது உயிர்களை எண்ணினோம், வீடுகளை எண்ணினோம். நிழலை ஒருவரும் எண்ணவில்லை. பத்திரிகைக்காரனாகிய நானும் எண்ணவில்லை.

செய்யக்கூடியவை

அன்று அந்த அப்புவும் நானும் அந்தத் தாயும் கூட்டின் முன் நின்று பேசிய விடயங்களையே இங்கு தருகிறேன். செலவு அதிகமில்லை.

தகரத்தைக் கழற்ற வசதியில்லாவிட்டால், அதன்மீது கிடுகோ பனையோலையோ தடிப்பாகப் பரப்பிக் கட்டவேண்டும். கூரையை ஒரு முழம் உயர்த்தி, சுவருக்கும் கூரைக்கும் இடையே காற்றுப்போக வழிவிட வேண்டும். கூட்டின் இரு பக்கங்களாவது வலையாக இருக்கவேண்டும். பகலில் கோழிகளை அடைப்பதைத் தவிர்க்கவேண்டும். அடைத்தே ஆகவேண்டுமானால் ஓலை நிழலில், வலை வேலிக்குள் விடவேண்டும். நீர்ப் பாத்திரம் ஒன்றுக்கு இரண்டாக, மண்ணாலானதாக, நிழலில் இருக்கவேண்டும். உச்சி நேரத்தில் நீரை மாற்றவேண்டும். நிழல் மண்ணில் ஒரு பகுதியை நனைத்துவிட்டால் கோழியே தனக்குக் கிடங்கு தோண்டிக்கொள்ளும். அந்த நேரத்தில் அவற்றைத் துரத்துவதோ பிடிப்பதோ கூடாது.

இளைத்துச் சோர்ந்து விழுந்த கோழியை உடனே நிழலுக்குக் கொண்டுசென்று, கால்களையும் கொண்டையையும் கிணற்று நீரால் நனைக்கவேண்டும். ஐஸ் நீர் வேண்டாம். குடிக்கும் நிலையில் இருந்தால் அலகருகே நீரைப் பிடித்துத் தானாகக் குடிக்க விடவேண்டும்; வாய்க்குள் ஊற்றினால் மூச்சுக்குழலுக்குள் சென்றுவிடும்.

இவற்றுக்கெல்லாம் மேலாக, கூட்டின் மேற்குப் பக்கத்தில் ஒரு முருங்கைக் கொம்பை நடவேண்டும். ஒரே ஆண்டில் அது நிழல் தரும். இலையும் காயும் வேறு.

2022 இன் பொருளாதார நெருக்கடியில் தீன் விலை எட்டாத உயரத்துக்குச் சென்றதையும், 2023 இல் இந்தியாவிலிருந்து முட்டை இறக்குமதி செய்யப்பட்டதையும் வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். அந்நாட்களில் வளவில் நான்கு ஊர்க்கோழி வைத்திருந்தவர் பிள்ளைக்கு ஒரு முட்டை கொடுக்க முடிந்தது. ஏப்ரல் வெக்கை குறையப்போவதில்லை என்று அறிவியலாளர் கூறும் காலத்தில், அந்த நான்கு கோழிகளைக் காப்பது சிறிய விடயமன்று.

அந்தத் தாயின் வீட்டுக்கு 2014 இல் மீண்டும் சென்றேன். தகரத்தின்மேல் கிடுகு இருந்தது. முருங்கை கூட்டுக்கு மேலே எழுந்து பூத்திருந்தது. எஞ்சிய மூன்றிலிருந்து பெருகிய பதினேழு கோழிகள் அதன் கீழ்ப் புழுதியில் கிடந்தன. "படம் எடுக்கேல்லையோ ஐயா?" என்று அவர் கேட்டார். கமராவைக் கொண்டு செல்லவில்லை என்று சொன்னேன்.

பத்திரிகையில் ஒரு பெயர் தவறினால் மறுநாளே திருத்தம் வெளியிடுவது வழக்கம். 2011 ஆம் ஆண்டுச் செய்திக்கு நான் திருத்தம் எழுதவில்லை. தாமதமாயினும், அது இதுதான்.